பாண்டுரங்கன் தொழுவத்தில் ஒரு சிமெண்டுக் கன்று

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கச்சுரங்கம் மூடிப்போன ஊரிகத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண் மமதா, சிற்பம் படித்தவள். போன கோடையில் தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டின் அடியில் கிடந்த ஒரு கோணிச்சாக்கை அவள் பிரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். உள்ளே கால்கள் கட்டிய காளைக்கன்று, செத்திருந்தது. சாக்கின் மேல் பாண்டுரங்கன் பால்கடையின் பெயர். வளர்ந்தாலும் கறக்காத கன்றுக்குப் பால் வீண் என்பது கணக்கு.

கதையை இப்படித் தொடங்கினேன்:

சயனைடு மேட்டின் மேல் வெயில் பொன்னாக உருகி—

(அடித்துவிட்டேன். இந்த ஊர் என்றாலே பொன்னை இழுத்துவருவது ஒரு வியாதி.)

பாண்டுரங்கன் ஓர் அரக்கன்.

(இதுவும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் பசுவுக்குப் பொட்டு வைக்கிற மனிதர். பசு ஈன்றால் தெருவுக்கெல்லாம் சீம்பால் கொடுத்தனுப்புவார். நாங்களும் வாங்கித் தின்றோம். யாருக்குப் போகவேண்டிய பால் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரக்கன் என்று எழுதினால் மற்றவர்கள் எல்லாம் தப்பித்துக்கொள்வோம்.)

2

மமதா கோழிவலையை வளைத்து, சிமெண்டு பூசி, அந்தக் கன்றைச் செய்தாள். அதே அளவு, அதே கட்டிய கால்கள். மேலே அதே சாக்கைப் போர்த்தினாள். காலையில் பால் வாங்க வருகிறவர்கள் பார்த்து வெட்கப்படட்டும் என்று கடை வாசலில் வைத்தாள்.

வந்தவர்கள் செல்ஃபி எடுத்தார்கள்.

3

கன்று போனதிலிருந்து கறக்கவிடாமல் உதைத்துக்கொண்டிருந்த பசு, கயிற்றை அறுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. சாக்கை முகர்ந்தது. நக்கத் தொடங்கியது. காம்பிலிருந்து பால் தானாகச் சொட்டியது. பாண்டுரங்கன் ஓடிப்போய்ப் பக்கெட்டை எடுத்துவந்து அங்கேயே உட்கார்ந்து கறந்தார்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துப் பசுவிடம் காட்டிக் கறப்பது பழைய வழக்கம். மமதா வீட்டில் மூன்று தலைமுறையாகச் சுரங்க வேலை. அவளுக்குச் சுரங்கக் குழியான ஷாஃப்ட் தெரியும், அதில் ஆளை இறக்கும் கேஜ் தெரியும், தொழுவம் தெரியாது.)

சிலையைத் தொழுவத்துக்குத் தூக்கிப்போனவர் அவளிடம் சொன்னார்:

"நல்லா செஞ்சிகீறம்மா. அடுத்த மாசம் செவலையும் ஈனும். காளக்கன்னா இருந்தா ஓணும், இப்பவே இன்னொண்ணு செஞ்சி வெச்சிடு."

அந்தக் கன்று இன்னும் பிறக்கவில்லை. அதற்குள் சிலைக்கு ஆர்டர்.

4

முடிவு ஒன்று: பாண்டுரங்கன் மனம் திருந்தி—

(உளறல்.)

முடிவு இரண்டு: மமதா சுத்தியலோடு தொழுவத்துக்குள் போய்—

(போனாள், நிஜமாகவே. பசு கண்ணை மூடி நக்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.)

என்ன எழுதட்டும் என்று அவளிடமே கேட்டேன்.

"ஒடைச்சா அதுக்கு ரெண்டாவது தடவ கன்னு சாவும்க்கா. ஒடைக்கலன்னா நான் அந்தாளுக்கு வேல செஞ்சி குடுத்தவ. நீங்க எது ஓணும்னாலும் எழுதுங்க. ஒடைச்சேன்னு எழுதினா, அது கத்தறதயும் எழுதணும்."

உடைத்தாள் என்றும் உடைக்கவில்லை என்றும் நான் எழுதமாட்டேன். அவள் தலையில் மட்டும் இதைக் கட்டுவது என்ன நியாயம்? தொழுவத்துக் கதவு திறந்துதான் இருக்கிறது. சிலை இருக்கட்டும் என்பவர்கள் பாத்திரத்தோடு வரிசையில் நில்லுங்கள். உடைக்கவேண்டும் என்பவர்கள் உள்ளே போய், அந்தப் பசு பார்த்துக்கொண்டிருக்க, முதல் அடியை நீங்களே அடியுங்கள்.