கடைசிச் சொல்லில் ஒரு சிரிப்பு

“எப்படிம்மா உன்னால முடிஞ்சுது?”

சித்தி அவள் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவளே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது சித்திக்குப் பொறுக்கவில்லை. கூடத்தின் நடுவில் அவள் கணவர் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். காலை ஆறு மணிக்குப் போன உயிர். இப்போது மணி பதினொன்று.

“எது சித்தி?”

“போன்ல சொன்னியே, அதைத்தான் கேக்கறேன். உங்க சித்தப்பா கேட்டுட்டு அப்படியே உக்காந்துட்டார். ஒரு தடுமாற்றம் இல்ல, ஒரு விசும்பல் இல்ல. குரல் வேற பழையபடி கணீர்னு இருக்கு. கடைசில சிரிக்கற மாதிரி வேற இருந்துச்சு. புருஷன் செத்த சேதியை யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? கோச்சுக்காத, மனசுல பட்டதைக் கேட்டுட்டேன்.”

அவள் யாருக்கும் போன் செய்யவில்லை. காலையிலிருந்து தன் போன் எங்கே கிடக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பம்ப்செட் முதலாளி உள்ளே வந்துவிட்டார். கணவரின் பழைய வாடிக்கையாளர். பெரிய உடம்பு, செருப்பைக் கழற்றவே சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் முன்னால் வந்து கைகூப்பினார்.

“நல்ல மனுஷன். போன மாசம்தான் எங்க புது வீடியோவை முடிச்சுக் குடுத்தார். அதுல நீங்க பேசினது பிரமாதம் மேடம். குரல்னா உங்க குரல்தான்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். போன மாதம் அவள் எதற்கும் பேசவில்லை. அதற்கு முந்தைய மாதமும் இல்லை. பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சித்தியின் போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குடும்பக் குழுவில் ஏழரை மணிக்கு ஒரு குரல் பதிவு வந்திருந்தது. அனுப்பியவர் கொழுந்தன். காதோடு வைத்துக் கேட்டாள்.

“வணக்கம். என் அன்புக் கணவர் இன்று காலை ஆறு மணிக்கு நம்மை விட்டுப் பிரிந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இறுதிப் பயணம், மாலை நான்கு மணிக்கு.”

அவள் குரல்தான். ஆனால் தைராய்டு ஆபரேஷனுக்கு முந்தைய குரல், கீறல் விழாதது. அந்த ‘நான்கு மணிக்கு’ இருக்கிறதே, அதில் சித்தி சொன்ன சிரிப்பு இருந்தது. அது அவளுடைய பழக்கம். விளம்பரத்தில் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது உதட்டை லேசாக விரித்துக்கொள்வாள். அப்போதுதான் கேட்கிறவனுக்குப் போன் பண்ணத் தோன்றும் என்று கணவர் சொல்லிக் கொடுத்தது. பதினெட்டு வருஷம் டைல்ஸ் கடைக்கும் கண் ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான் சிரித்து முடித்தாள்.

கம்பெனிகளுக்கு வீடியோ எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். பேசுவது அவள் வேலை. குரல் பதிவுக்கு ஸ்டூடியோ என்று தனியாக ஒன்றும் கிடையாது. படுக்கையறைச் சுவரோடு கட்டிய துணி அலமாரியில் கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு, ஒரு முக்காலியைப் போட்டு, மைக்கைத் தொங்கவிட்டார். சுற்றிலும் துணி இருந்தால் எதிரொலி வராது. அவள் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் வெளியே ஹெட்போனோடு இருப்பார். தொங்குகிற சட்டைகளில் ஒன்றின் கை கதவிடுக்கில் மாட்டிக்கொண்டால் தெருச் சத்தம் உள்ளே வரும். பார்க்காமலே காதால் கண்டுபிடித்துவிடுவார். “சட்டைக் கை,” என்பார். அவள் உள்ளே இழுத்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் உறவுக்காரர்கள், பெண்டாட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறவன் என்று அவரைக் கேலி செய்வார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கரகரத்துப் போனது. “குரலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. ஆர்டர்தான் வரமாட்டேங்குது. இப்ப எல்லாரும் மிஷினை வெச்சுப் பேச வைக்கறான்,” என்றார் அவர். அவள் நம்பினாள். ஆர்டர் வரும்போது குரல் தயாராக இருக்க வேண்டுமே என்று தினமும் காலையில் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, குளியலறையில் நின்று அரை மணி நேரம் பயிற்சி செய்தாள். “இன்னைக்கு நல்லா வந்துருக்கே,” என்று வெளியிலிருந்து குரல் கொடுப்பார். அதைக் கேட்பதற்காகவே இன்னும் ஐந்து நிமிஷம் கூட நிற்பாள்.

கொழுந்தன் கூடத்தை ஒட்டிய எடிட்டிங் அறையில் இருந்தான். அண்ணனோடு தொழிலில் கூட இருந்தவன், வாடிக்கையாளர்களைப் பிடித்து வருவது அவன் பொறுப்பு. அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் கையில் சித்தியின் போனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“நான் பேசாததை நான் பேசின மாதிரி அனுப்பியிருக்கீங்க.”

“தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. நீங்க இருந்த நிலைமைல உங்களை எப்படிப் பேசச் சொல்றது? நான் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டா சாயங்காலம் ஆயிடும். உங்க குரல்ல போனா மரியாதையா இருக்கும்னு டைப் பண்ணிப் போட்டேன். அவ்ளோதான்.”

“என் குரல் எப்படி வந்துச்சு?”

“அண்ணன் சொல்லலையா?” என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாது என்று உடனே புரிந்து தரையைப் பார்த்தான்.

அவள் காத்திருந்தாள்.

“உங்க பழைய ரெக்கார்டிங் மொத்தத்தையும் ஏஐல குடுத்தோம். ரெண்டு வருஷம் ஆச்சு. எதை எழுதினாலும் உங்களை மாதிரியே பேசும். ஆபரேஷனுக்கு அப்புறம் நீங்க ஒண்ணு பேசினீங்களே, கண் ஆஸ்பத்திரிக்கு? அதை அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க அண்ணி. பழைய மேடம்தான் வேணும்னாங்க. உங்ககிட்ட அதைச் சொல்ல அண்ணனுக்கு வாய் வரல.”

“ஆர்டர் இல்லன்னாரே?”

“அதெல்லாம் எப்பவும் போல வந்துட்டுத்தான் இருந்துச்சு.”

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். இரண்டு வருஷம் குளியலறையில் நின்று ஆ, ஊ என்று கத்தியிருக்கிறாள். இந்தப் பக்கம் இவர்கள் இரண்டு பேரும் அவளுடைய நல்ல குரலை வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். காலையில் காப்பியோடு இந்த அறைக்குள் வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். காதில் ஹெட்போன். தோளைத் தொட்டதும் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. ஹெட்போனைக் கழற்றினாள். அதிலிருந்து ஒரு பெண் சன்னமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். யார், என்ன என்று கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

அந்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்தாள்.

“காட்டுங்க.”

கொழுந்தன் மௌஸை நகர்த்தினான். பேச வைத்த வரிகள் எல்லாம் தேதிவாரியாக வரிசையில் நின்றன. ‘நம்பிக்கையின் மறுபெயர்.’ ‘பணியாளர்கள் தலைக்கவசம் அணிவது கட்டாயம்.’ ‘உங்கள் கண்கள், எங்கள் பொறுப்பு.’ எல்லாம் நல்ல சுத்தமான எழுத்துத் தமிழ். அவள் சொல்லாத நூற்றுக்கணக்கான வாக்கியங்கள். இறக்கிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. அந்த வரி மட்டும் பேச்சுத் தமிழில் இருந்தது.

‘தெரியும்ங்க. பரவாயில்ல. எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல.’

அடுத்த வரியும் அதே. அதற்கடுத்ததும். ஒன்றில் ‘பரவாயில்ல’வுக்குப் பின்னால் மூன்று புள்ளிகள். இன்னொன்றில் ‘ஒண்ணும்’ இல்லை. வேறொன்றில் ‘கோபம்’ என்பதற்குப் பதில் ‘வருத்தம்’ போட்டு, அதற்கடுத்ததில் மறுபடி ‘கோபம்’. எண்ணிப் பார்த்தாள். பதினோரு தடவை.

கொழுந்தனும் படித்தான். அவனுக்கு இது தெரியாது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வரேன்,” என்று வெளியே போனான்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலாவதைக் கேட்டாள். கடைசி ‘இல்ல’வில் அந்த விளம்பரச் சிரிப்பு வந்து தொலைத்தது. அதை எடுக்கத்தான் அவர் புள்ளி வைத்தும் சொல்லை மாற்றியும் பாடுபட்டிருக்கிறார். அவளை எத்தனை நாள் அலமாரிக்குள் வைத்து, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று வாங்கியிருக்கிறார். அதே பொறுமை. பதினோராவதில் சிரிப்பு அநேகமாகப் போயிருந்தது. ஒரு மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வதுபோல இருந்தது. நன்றாகவே இருந்தது.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குரலை எடுத்துக்கொண்டதைக்கூட, பயந்து செய்தார் என்று ஒருநாள் விட்டிருப்பாளோ என்னவோ. அவளிடம் வந்து சொல்லியிருந்தால் கத்தியிருப்பாள். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாள். அப்புறம் ஒரு நாள் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் போயிருக்கலாம். அது அவள் பாடு. அவர் அவளைக் கேட்காமலே அவளிடமிருந்து மன்னிப்பையும் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். காலையில் ஹெட்போனில் ஓடியது இதுவா, பம்ப்செட்டா என்று இனி யாரைக் கேட்பது?

கூடத்தில் சலசலப்பு. கொழுந்தன் கதவருகே வந்து நின்றான்.

“அண்ணி, நாலு மணிக்கு வண்டி கிடைக்காதாம். ரெண்டு மணிக்கே எடுக்கணும்ங்கறாங்க. எல்லாருக்கும் சொல்லணும்.” சொல்லிவிட்டு விசைப்பலகையைப் பார்த்தான். “வேணாம்னா நானே ஒவ்வொருத்தருக்கா...”

“நான் சொல்றேன். என் போன் எங்க?”

“டைப் பண்ணா அரை நிமிஷம் அண்ணி. நீங்க எதுக்கு இப்ப கஷ்டப்பட்டு...”

“போனைக் குடுங்க தம்பி.”

படுக்கையறையில் யாரும் இல்லை. அலமாரியைத் திறந்தாள். மைக்கை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார். முக்காலி அப்படியே இருந்தது. அதன்மேல் பழைய போர்வைகள். அவற்றைக் கட்டிலில் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து கதவை இழுத்துக்கொண்டாள். அந்துருண்டை வாசனை. அவர் சட்டைகள் கன்னத்தில் உரசின. பக்கத்துப் பலகையில் கிளிப்பில் ஒரு தாள் இன்னும் தொங்கியது. அவள் கடைசியாகப் படித்த கண் ஆஸ்பத்திரித் தாள். எங்கெங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று அவர் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டிருந்தார்.

போனை வாயருகே பிடித்தாள்.

“நான்தான் பேசறேன். அவர் போயிட்டார். நாலு மணிக்கு இல்ல, ரெண்டு மணிக்கே எடுக்கறாங்க.” நடுவில் கரகரப்பில் ஒரு சொல் முழுதாக வரவில்லை. திருப்பிச் சொல்லாமல் அப்படியே விட்டாள். “வரவங்க வந்துருங்க.”

கடைசிச் சொல்லில் ஒன்றும் இல்லை. குடும்பக் குழுவுக்கும், கொழுந்தன் காலையில் வாடிக்கையாளர்களுக்காக ஆரம்பித்திருந்த குழுவுக்கும் அனுப்பினாள்.

கூடத்தில் ஒவ்வொரு போனாகச் சத்தம் போட்டது. யாரோ ஸ்பீக்கரில் போட்டார்கள். அவள் குரல் கரகரவென்று கூடம் முழுக்கப் போய்ச் சுவர் வழியாக அவளிடமே வந்தது.

“இது மேடம் குரல் இல்லீங்களே.” பம்ப்செட் முதலாளி. “நான் எத்தனை வருஷமா கேக்கறேன், எனக்குத் தெரியாதா? இப்பல்லாம் ஏஐல எவன் குரலை வேணா பண்ணிடறான், துக்க வீட்டைக்கூட விட மாட்டேங்கறான். காலைல வந்துச்சே, அதுதான் அவங்க பேசினது. நாலு மணிதான். நம்ம ஆளுங்க யாரும் அவசரப்பட வேணாம்னு சொல்லிடுங்க.”

கொழுந்தன் பதில் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் குரல் கேட்கவில்லை. சித்தி மட்டும் அந்தப் பதிவை மறுபடி ஒரு தடவை போட்டாள்.

கதவை இழுத்துக்கொண்டும் சத்தம் அப்படியே உள்ளே வந்தது. அவள் கதவிடுக்கைப் பார்த்தாள். ஒரு கோடு வெளிச்சம். கீழே அவருடைய நீலச் சட்டையின் கை ஒன்று வெளியே மாட்டியிருந்தது.

சொல்ல ஆள் இல்லை. அவளாகவே கொஞ்சம் கொஞ்சமாக அதை உள்ளே இழுத்து, மடியில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள்.