மகனை மலைக்குக் கொண்டுபோனது

புது அணை எங்கள் ஊரை மூழ்கடிக்கப் போகிறது என்றானதும், எல்லாரும் முன்னோர் எலும்புகளைத் தோண்டியெடுத்து மேட்டிலிருந்த புதிய இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். என் அக்கா ஷூலானின் மகன் ருய்க்கு மட்டும் அங்கே இடமில்லை. கல்யாணம் ஆகாமல் செத்த பிள்ளையை வம்ச வரிசையில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

“அப்போ அவனை அவங்கப்பன்கிட்டயே கொண்டுபோய்க் குடுக்கறேன்,” என்றாள் அக்கா.

ருய் ஆற்றில் மூழ்கிச் செத்த அன்று தெப்பத்தைத் தள்ளியவர் அவன் அப்பா மாவ்ட்சாய்தான். அதே ஆண்டு வீட்டை விட்டுப் போனவர், சின்லிங் மலையில் ஆளரவமற்ற ஒரு தாவோ கோயிலில் துறவியாகிவிட்டார்.

அக்கா எலும்புகளைச் சிவப்புத் துணியில் சுற்றி முதுகுக் கூடையில் வைத்துக்கொண்டாள். நானும் கூடப் போனேன். வழியெல்லாம் தூறல்.

“குடுக்கா, கொஞ்ச தூரம் நான் தூக்கறேன்.”

“கனமே இல்லடி.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

கோயில் முற்றத்தில் மாவ்ட்சாய் விறகு பிளந்துகொண்டிருந்தார். நரைத்த தலையில் கொண்டை. எங்களைக் கண்டதும் கோடாலி நின்றது.

“என்ன சாமியாரே, மேகத்து மேல ஏறிப் பறக்கக் கத்துக்கிட்டீங்களா? இல்ல, இன்னும் விறகுதானா?”

“ஷூலான்... நான் குடும்பத்தை விட்டுட்டேன்.”

“நீங்க விட்டுட்டீங்க. அவன் விடலயே.” அக்கா கூடையை இறக்கினாள்.

சிவப்புத் துணியைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கோயில் தலைவரான கிழவர் வாசலில் வந்து வழிமறித்தார். “செத்தவங்களை உள்ள கொண்டாரக் கூடாதும்மா. சன்னிதி இது.”

“இவனுக்கு எல்லா வாசல்லயும் இதேதான் சொல்றாங்க, சாமி.”

மாவ்ட்சாய் கூடையைத் தூக்கிக்கொண்டு மதிலுக்குப் பின்னால் போனார். பைன் மரத்தடியில் மண்வெட்டியால் வெட்டினார். முழங்கால் ஆழத்தில் பாறை. வேறு இடம் பார்த்தார், அங்கேயும் பாறை. மண்வெட்டியை எறிந்துவிட்டு நகத்தால் பறண்டினார். அடிபட்ட மாடு மாதிரி ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அக்கா வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் மண்டியிட்டுத் தோண்டினாள்.

கிடைத்த பள்ளத்தில் எலும்புகளை வைத்து மேலே கல் அடுக்கினோம். கிழவர் ஊதுவத்தி கொண்டுவந்து, மழையில் அணைய அணையக் கொளுத்தினார்.

“கஞ்சி குடிச்சிட்டுப் போ,” என்றார் மாவ்ட்சாய்.

“கடைசியா அவன் என்ன சொன்னான்?” என்று கேட்டாள் அக்கா.

அவர் தரையைப் பார்த்தார். “அம்மான்னு கூப்பிட்டான். என்னை இல்ல.”

நாங்கள் கஞ்சி குடிக்காமலே இறங்கினோம்.

அணையில் தண்ணீர் ஏறிவிட்டது. அக்கா இப்போது நகரத்தில் என்னோடு இருக்கிறாள். ஒருமுறை, “மலைக்குப் போய்ட்டு வரலாமாக்கா?” என்று கேட்டேன்.

“வேணாம்டி. அப்பனும் மகனுமா இருக்கட்டும். நான் போனா அவர் மறுபடி அழுவாரு,” என்றாள்.