ஜன்னல் கம்பி வளைந்த போட்டோ

காவ்யஸ்ரீ எந்தப் போட்டோவையும் நம்புவதில்லை. அதற்குக் காரணம் அவளேதான். தெற்கு மாசி வீதி பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள். மாப்பிள்ளையின் தொப்பையை மவுசால் உள்ளே தள்ளுவாள், பெண்ணின் தாடையை இழுத்துக் கூராக்குவாள். ஜோடியைச் சுருட்டி ஒரு சங்குக்குள் வைக்கச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் வைப்பாள். ஊரார் உடம்பையெல்லாம் வளைத்தும் முறுக்கியும் சம்பளம் வாங்குகிறவளிடம் மாப்பிள்ளை போட்டோ என்று ஒன்று வந்தால், முகத்தையா பார்ப்பாள்?

பையன் பெயர் ராஜேஷ்குமார். பசுமலையில் வீடு, ஓசூரில் வேலை. அம்மா ஹம்சவேணி பூரிப்போடு போனை நீட்டினாள். காவ்யஸ்ரீ படத்தைப் பெரிதாக்கி நேராக அவனுக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்குப் போனாள். கம்பிகள் எல்லாம் நேராக இருந்தன. அவன் முழங்கைக்குப் பக்கத்துக் கம்பி மட்டும் வெளியே பிதுங்கியிருந்தது.

ஆளைச் சுருக்கினால் பக்கத்தில் இருக்கிற கோடு ஆளை நோக்கி வளையும். ஊதினால் விலகி வளையும். நல்ல டிசைனர் பிறகு அந்தக் கோட்டைத் தனியாக நிமிர்த்திவிடுவான், சோம்பேறி அப்படியே விட்டுவிடுவான். இது விலகி வளைந்திருந்தது. அப்படியானால் ஆளை ஊதியிருக்கிறார்கள். ஊதிக் காட்டுகிற அளவுக்கு அந்த உடம்புக்கு என்ன சீக்கு?

"வேற போட்டோ கேளும்மா" என்றாள். வந்தது. சட்டைதான் மாறியிருந்தது. அதே ஜன்னல், அதே கம்பி, அதே பிதுக்கம். ஒரு தடவை என்றால் கை தவறியது என்று விடலாம். இரண்டு தடவையும் என்றால் திட்டம் போட்டுத்தான் செய்கிறார்கள்.

ஸ்டுடியோ முதலாளி தவசியிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்புட்டுப் பேரையும் நாம வளைச்சுப்புட்டு, ஊர்ல இருக்கிற எல்லாப் பயலும் வளைக்கிறான்னு சொன்னா எப்படித்தா?"

அவருக்கென்ன, அவரா வாழப்போகிறார்? பையனுடன் வீடியோ காலில் பேசிப் பார்த்தாள். பேச்சு பதவிசாகத்தான் இருந்தது. ஆனால் கேமரா கழுத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

பையன் லீவில் வந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பினார்கள். பெண் வரக்கூடாது என்று ஹம்சவேணி எவ்வளவோ சொல்லியும் காவ்யஸ்ரீதான் முதல் ஆளாக ஆட்டோவில் ஏறினாள்.

கதவைத் திறந்தது ராஜேஷ்குமார். போட்டோவில் இருந்த அதே உடம்பு, அதே தோள். ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. காவ்யஸ்ரீக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடத்துக்குள் நுழைந்ததும் அந்த வெட்கமும் பறந்தது.

எதிரே ஒரு அறையின் ஜன்னல். கம்பி நிஜமாகவே வளைந்திருந்தது. போட்டோவில் அவன் உடம்பு மறைத்திருந்த இன்னொரு கம்பியும் எதிர்ப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. நடுவே ஒரு ஆள் நுழைந்து வரலாம். வீடு முழுக்கப் புதுப் பெயின்ட் வாடை. ஜன்னலை மட்டும் ஏன் தொடவில்லை?

"முதல்ல கையை நனைங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று இலை போட்டுவிட்டாள் பையனின் அம்மா சீதாலட்சுமி. அவசரம் இருக்காதா பின்னே? மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாட்டில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்றுதான் அர்த்தம். அப்புறம் பேச என்ன இருக்கிறது? சாதம் விழுந்தது. ஹம்சவேணியின் கை இலைக்கு மேலே போய்விட்டது.

"அந்தக் கம்பி ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்டாள் காவ்யஸ்ரீ.

"குரங்கும்மா. மலையில இருந்து இறங்கி வந்து ஒரே அட்டகாசம்" என்றாள் சீதாலட்சுமி.

"குரங்கு வந்து ரெண்டையும் ஒரே உயரத்துல, எதிரெதிரா வளைச்சுச்சா?"

ஹம்சவேணி மகளின் தொடையில் நறுக்கென்று கிள்ளி, வீட்டுப் பேச்சான சௌராஷ்டிரத்தில் வாயை மூடச் சொன்னாள். சீதாலட்சுமிக்கும் அதே பாஷைதான் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோனது.

ரசவாளியோடு நின்ற ராஜேஷ்குமார் அதைக் கீழே வைத்தான். "குரங்கு இல்லைங்க. நான்தான் வளைச்சேன், கார் ஜாக்கி வச்சு."

"டேய்!"

"அக்கா வேற சாதி ஆளுங்கள்ல ஒருத்தரை விரும்புச்சு. அம்மா அந்த ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. சாவி அவங்க இடுப்புல. அதான் ஜாக்கியை எடுத்தேன். கம்பியை நிமிர்த்த ஆள் வந்தா இன்னைக்கும் நான் திருப்பி அனுப்பிருவேன். போட்டோன்னாலும் அங்கதான் நிப்பேன். யாராவது கேக்கட்டும்னு பார்த்தேன். இதுவரைக்கும் வந்த வரன்ல ஒருத்தரும் கேக்கலை."

ஹம்சவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். காவ்யஸ்ரீக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது, சந்தேகம்தான் விடவில்லை. கதை நன்றாகவே இருந்தது. அவள் போடுகிற ஆல்பங்களும் நன்றாகத்தான் இருக்கும்.

"அக்கா இப்ப எங்க இருக்காங்க?"

"வாடிப்பட்டியில."

"நிச்சயத்துக்கு வருவாங்கள்ல?"

கம்பியை வளைத்தவன் பதிலுக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இதுதான், இதைத்தான் காவ்யஸ்ரீ பார்க்க வந்தாள் போலிருக்கிறது. சாதத்தைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்பவே கூப்பிடுங்க. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

அவன் தயங்கினான். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு இலைகளுக்கு நடுவே வைத்தான். மணி அடித்தது. எடுத்ததும் ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. "என்னடா, வீட்ல இருந்தா பேசுற? அம்மா வெளிய போயிருக்காங்களா?"

சீதாலட்சுமி கரண்டியும் கையுமாக நின்றாள். ஆத்திரத்தில் அவள் முகம் சிவந்து கிடந்தது. போனை எடுத்து வீசிவிடுவாள் என்றுதான் காவ்யஸ்ரீ நினைத்தாள். சீதாலட்சுமி கரண்டியைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள்.

போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வச்சிராதடி" என்றாள் சீதாலட்சுமி. "பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. நீ எப்ப வர்றன்னு கேக்கிறாங்க."

காவ்யஸ்ரீ சாதத்தில் கை வைத்தாள்.