ஆறாம் பரிமாணத்துப் பிழை

முசரவாக்கத்து முனிசாமியின் மகள் ஜீவிதா, இயற்பியலில் கருந்துளைகளை ஆராய்ந்தாள். நம் உலகுக்கு நீளம், அகலம், உயரம், காலம் என்று நான்கு பரிமாணங்கள். கணக்கில் பரிமாணங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் கருந்துளை என்ன ஆகும் என்பதுதான் அவள் ஆய்வு. தண்ணீர் ஆவியாவதுபோல, குறிப்பிட்ட வெப்பநிலையில் சிறிய கருந்துளை சட்டென்று பெரியதாக மாறலாம். அதற்கு முதலில் சிறியது நிலையாக இருக்க வேண்டும்.

ஐந்து பரிமாணத்தில் அது நிலையானது என்று அவளுடைய நெறியாளர் முரளீதரன் நிறுவியிருந்தார். ஆறிலும் அப்படித்தான் என்று எழுதிப் பெயர் வாங்கியிருந்தார். ஜீவிதா கணக்குப் போட்டபோது ஆறில் வெப்ப ஏற்புத்திறன் எதிர்க்குறியில் வந்தது. அதாவது, வெப்பத்தை இழக்க இழக்கச் சிறிய கருந்துளை மேலும் சூடாகிக் கரைந்துபோகும்; நிலைக்காது.

சின்ன காஞ்சிபுரத்தில் அவர் வீட்டுக்கே போய்க் காட்டினாள். வெகுநேரம் பார்த்தார்.

"கணக்கு சரிதாம்மா. ஆனா இப்போ இதைச் சேர்த்தா உன் வைவா தள்ளிப்போகும். பழைய முடிவையே வெச்சுத் தீசிஸைக் கொடுத்துடு. அப்புறம் ரெண்டு பேருமா திருத்தி எழுதலாம்."

நம்பினாள். பட்டம் வந்தது. அதன்பின் அவர் கூப்பிடவில்லை.

அடுத்த ஆண்டு, புது மாணவன் ரங்கநாத்தோடு சேர்ந்து அவர் கட்டுரை வெளியிட்டார். ஆறில் சிறிய கருந்துளை நிலையற்றது. ஜீவிதாவின் ஆய்வேடு இதைத் தவறாகச் சொல்கிறது என்றது கட்டுரை. தன் பழைய கட்டுரையைப் பற்றி அவர் ஒரு சொல்கூட எழுதவில்லை.

சென்னையில் ஆராய்ச்சி வேலைக்கான நேர்காணலில் அதையே கேட்டார்கள். நடந்ததைச் சொன்னாள்.

"அப்போ, தப்புன்னு தெரிஞ்சே எழுதினீங்களா?"



வெளியே வந்து முரளீதரனுக்குப் போன் செய்தாள். "சார், அது உங்க முடிவு."

"தீசிஸ்ல கையெழுத்து உன்னோடதும்மா." அவர் குரலில் கோபமே இல்லை. "ரங்கநாத்துக்கு ஒரு பேப்பர் வேண்டியிருந்தது. உனக்குத்தான் பட்டம் வந்தாச்சே."

வீட்டில் முனிசாமி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, வேலை கெடைச்சிதா?"

"இல்லப்பா. கணக்குல ஒரு தப்பு இருக்குதாம்."

"யாரு போட்ட கணக்கு?"

"என்னுதுதாம்பா."

அவர் மாட்டை இழுத்துக் கட்டப் போனார். ஜூனில் ஜீவிதா ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தப் போனாள். கருந்துளைகளைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.