தொட்டி இல்லாத செடி

கிடங்கில் சரக்கு சரிபார்ப்பது என் வேலை. சீட்டில் பத்துப் பெட்டி என்றிருந்தால் பத்தையும் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அப்படிப்பட்டவள் வீட்டில் ஏமாந்துவிட்டேனே என்று அன்றைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் பேசிப் பதினான்கு நாளாகியிருந்தது. அவருடைய அக்கா சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் என்னைத் 'தொட்டாச்சிணுங்கி' என்றாள். இவர் சிரித்தார். அன்றோடு வாயை மூடினேன். நான் பேசாவிட்டால் அவராவது வந்து கெஞ்ச வேண்டாமா? வேலைக்குப் போவார், வருவார், பால்கனியில் தொட்டிகளோடு நிற்பார். லிஃப்ட் மெக்கானிக்குக்குச் செடிமேல் அப்படி என்ன காதல் என்று எனக்கு ஏற்கெனவே உறுத்தல்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் கிரீஸ் படிந்த குட்டி நோட்டு இருந்தது. முதல் பக்கத்தில், "கல்யாணி எந்த மாதத்திலும் முகம் சுளிப்பதில்லை." அடுத்ததில், "வேலை முடிந்து வரும்போது அந்தி சிவந்து நிற்கிறாள்." அதற்கடுத்து, "பனியோடு வந்தாள். இரண்டு மாதம்தான் இருப்பாள். அதற்குள் பார்த்துக்கொள்."

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இருந்த மனுஷன். ஒருத்தி இல்லை, மூன்று பேர். நோட்டோடு நேராக வாஷ்பேசினுக்குப் போனேன்.

"யாரு இந்தக் கல்யாணி?"

பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நோட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்தார். "நித்தியகல்யாணி. செடி. ஏதோ மனசுல தோணினதை எழுதுறது."

"கவிதையா? நீங்களா?"

"வந்து பாரேன்."

விடுவேனா? நோட்டும் கையுமாகப் பால்கனிக்குப் போய், ஒவ்வொரு வரிக்கும் தொட்டியைக் காட்டச் சொன்னேன். நித்தியகல்யாணி இருந்தது. அந்திமந்தாரை இருந்தது, சாயங்காலம்தான் விரியுமாம், மொட்டாக நின்றது. பனிக்காலத்துச் சாமந்தியும் இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பப் போனேன். சட்டென்று நோட்டைப் பிடித்தார்.

"அது வேணாம்."

"ஏன், அதுக்குத் தொட்டி இல்லையா?"

பிடுங்கிப் படித்தேன். "தொட்டாச்சிணுங்கி. தெரியாமல் தொட்டுவிட்டேன், சுருங்கிவிட்டது. கையை எடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். தானாகத்தான் விரியும்."

பதினோரு தொட்டியையும் பார்த்தேன். கொடிக்குப் பின்னால், வாளிக்குப் பின்னால்கூடத் தேடினேன். அந்தச் செடி இல்லை.

"எங்க வெச்சிருக்கீங்க அதை? யார் வீட்டுல?"

"நம்ம வீட்டுலதான்" என்றார். "கிடங்குல வேலை பாக்குது."

எனக்கு உடனே உறைக்கவில்லை. உறைத்தபோது அழுகை முட்டியது.

"அதுக்காகப் பதினாலு நாளா?"

"எத்தனை நாள்ல விரியும்னு தெரியலையே. நான் அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாது."

"சரி, வாய்ல நுரையோட நிக்காதீங்க. கொப்புளிச்சிட்டு வாங்க, டீ போடறேன்" என்றேன்.

அவர் உள்ளே போனார். எதற்கும் இருக்கட்டும் என்று கல்யாணியை மட்டும் இன்னொரு தரம் தொட்டுப் பார்த்தேன்.