கோவிலம்பாக்கத்தில் ஒரு கணப்பு

கோவிலம்பாக்கத்துக்கு வந்ததிலிருந்து ஜோவிதாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சோபாவை ஜன்னல் பக்கம் போட்டாள். அடுத்த வாரமே கதவுப் பக்கம் திருப்பினாள். மொட்டை மாடியில் துணி காயவில்லை என்று தெரிந்தும் மறுபடி ஏறிப் போய்ப் பார்த்தாள்.

பக்கவாதம் வந்த மாமனார் வேதசிரோமணியைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளும் கணவன் ஆரோனும் இங்கிலாந்திலிருந்து திரும்பியிருந்தார்கள். ஆரோனுக்கு நாவலூரில் உடனே வேலை கிடைத்துவிட்டது. லீட்ஸில் பெரிய மருத்துவமனை ஒன்றில் மருந்தாளுநராக இருந்த ஜோவிதாவுக்கு மட்டும் எதுவும் அமையவில்லை.

நவம்பரில் அவளுடைய பழைய மேலதிகாரி போன் செய்து, ஆள் தேவைப்படுகிறது, திரும்பி வருகிறாயா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். ஆரோனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. மறுநாள் காபி கொடுக்கும்போது, "ஹால்ல ஒரு ஃபயர்ப்ளேஸ் வைக்கப்போறேன்" என்றாள்.

"இந்த ஊர்லயா? இங்க ஏசியே பத்தல."

"நெருப்பு மூட்ட இல்ல, அழகுக்குத்தான். ரெண்டு பக்கமும் தூண், மேல அகலமா ஒரு பலகை, நடுவுல மெழுகுவர்த்தி வைக்க இடம். கிறிஸ்துமஸுக்கு நல்லா இருக்கும்."

ஆரோன் காபியை வாங்கிக்கொண்டான். இவள் மனசு இன்னும் லீட்ஸ் வீட்டைவிட்டு வரவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பெரும்பாக்கத்தில் மரப்பட்டறை வைத்திருக்கும் அன்பு வந்து சுவரை அளந்தார்.

"அக்கா, இத்த தரையில நிக்கிற மாரி செஞ்சிட்லாம். நாளைக்கு வூடு மாறினாக்கூட எடுத்துகினு போலாம்."

"வேணாம். சுவத்தோட சேத்து அடிச்சிடுங்க. கழட்டவே முடியக்கூடாது."

"சொந்த வூடாக்கா?"

"ஆமா."

"அப்ப இன்னா, பெரிய போல்ட்டா போட்டு ஏத்திடறேன். யானை வந்து இழுத்தாலும் அசையாது."

அவளுக்கு வேண்டியது அதுதான். இந்த வீட்டில் ஏதாவது ஒன்றை நகர்த்த முடியாதபடி பதித்துவிட்டால், தானும் இங்கேயே ஊன்றிவிடலாம் என்று நம்பினாள்.

சுவரில் துளை போட்ட அன்று வேதசிரோமணியின் நாற்காலியை ஓரமாக நகர்த்த வேண்டியிருந்தது. முகத்தில் படிந்த தூசியைத் துடைத்தபடி, குழறும் நாக்கால், "பனி எப்பம்மா விழும்?" என்று கேட்டார். அன்பு சிரித்துவிட்டார். ஜோவிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளை வண்ணம் பூசி முடித்ததும் கணப்பு அழகாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தாள். அதற்கப்புறம் மெழுகுவர்த்திகளை இடம் மாற்ற ஆரம்பித்தாள். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை மேலே வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். சமையலறையில் பால் பொங்கிக்கொண்டிருக்க, போனில் விமான நேரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிசம்பரில் ஒரு மழை நாள். இந்த வாரத்துக்குள் பதில் வேண்டும் என்று மேலதிகாரி செய்தி அனுப்பியிருந்தார். ஜோவிதா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரை அழைத்தாள். மணி அடிக்கும்போதே, ஹாலில் நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டது. போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள்.

வேதசிரோமணி நின்றுகொண்டிருந்தார். இடது கை கணப்பின் மேல்பலகை விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. பலமில்லாத வலது கையை அதன்மேல் சாத்தியிருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"மாமா, விழுந்துடப்போறீங்க."

"விழமாட்டேன். தினமும்தான் நிக்கிறேன். நீ உள்ள போனதும் எந்திரிப்பேன்."

"வாக்கர் இருக்கே, அதப் புடிச்சுக்கலாமே?"

"அது நழுவுது."

"என்கிட்ட சொல்லியிருந்தா பக்கத்துல நின்னிருப்பேன்ல?"

"சொன்னா உக்கார வெச்சிடுவ."

அது உண்மைதான். இத்தனை மாதமாக அவள் செய்தது அதைத்தான். அவரைப் பிடிக்கப் போன கைகளை இறக்கிக்கொண்டு அருகில் நின்றாள்.

"உக்காந்தே கெடந்தா மனுஷனுக்குப் பைத்தியம் புடிச்சிடும்" என்றார் அவர்.

"எனக்கும் அப்படித்தான் மாமா இருக்கு."

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. சொன்ன பிறகு மிச்சத்தையும் மறைக்க முடியவில்லை. வேலை வந்ததையும் ஆரோனிடம் சொல்லாததையும் சொன்னாள். அவர் மெல்ல நாற்காலியில் இறங்கி மூச்சு வாங்கினார்.

"நீ இங்க இருந்தா எனக்கு நல்லது. அதனால என்னைக் கேக்காத. அவனைக் கேளு."

சாயங்காலம் ஆரோன் நனைந்து வந்தான். ஷூவைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"ஒரு மாசமா மறைச்சிருக்க" என்றான். முகம் இறுகிவிட்டது. "போறவ எதுக்கு சுவத்த ஓட்டை போடணும்?"

"போகாம இருக்கத்தான் போட்டேன்."

அவன் அவளையும் கணப்பையும் மாறி மாறிப் பார்த்தான். ஷூவோடு சோபாவில் உட்கார்ந்தான்.

"அப்பாவால கட்டிப்போட்ட மாதிரி இருக்கா?"

"அவரால இல்ல. வேலையில்லாம என்னால முடியல ஆரோன். இருக்கணும்னு ரொம்பப் பாத்தேன்."

ஆரோன் எழுந்து ஈரச் சட்டையை மாற்றப் போனான். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "ஆறு மாசத்துக்கு மட்டும் வரட்டுமான்னு கேளு. நான் வீட்லேர்ந்து வேலை பாக்கக் கேக்கறேன்" என்றான்.

"கோபம் போயிடுச்சா?"

"இல்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ போன் பண்ணு."

லீட்ஸில் ஆறு மாதத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். ஜனவரிக் கடைசியில் மூன்று பேரும் ஒரே காரில் விமான நிலையத்துக்குப் போனார்கள். வேதசிரோமணி காரிலேயே இருந்தார். ஆரோன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்தான்.

"ஜூலைல வந்துடுவல்ல?"

"வருவேன்."

அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று உள்ளே போன பிறகு அவளுக்குத் தோன்றியது.

கிளம்பிவிட்டால் மனம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடிக்கப் போனாள், குடிக்காமலே திரும்பினாள். கடைசியில் ஆரோனுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"ரேடியல் ரோடு டிராஃபிக்ல. அப்பா பஜ்ஜி வேணுங்கறார்."

"டாக்டர் எண்ணெய் கூடாதுன்னாரே."

"சொல்லிப் பாத்தேன். இறங்கி நடந்து போய் வாங்கிக்கறேங்கறார்."

ஜோவிதா சிரித்துவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு வாங்கிக் குடு" என்றாள்.