மூன்றாவது நிபந்தனை

மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் விஸ்வநாத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாட்டுத்தாவணியில் ஏறியதிலிருந்து மடியிலிருந்த பையைத் திறப்பதும் மூடுவதுமாகவே வந்தார். பையில் இரண்டு காகிதங்கள். ஒன்று புளூட்டோவைப் பற்றிய பேச்சுக்கான குறிப்பு. அது இல்லாமலே அவர் மணிக்கணக்கில் பேசுவார். இன்னொன்று கடிதம். பேச்சு முடிந்த கையோடு அதைத் தமிழ்மாறனிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பது திட்டம்.

வண்டியூர்த் தெப்பக்குளம் பக்கத்தில் பதினோரு பேர் சேர்ந்து நடத்தும் வான்நோக்கர் மன்றத்துக்கு விஸ்வநாத் செயலாளர். மதுரையில் புளூட்டோவுக்கு வக்காலத்து வாங்க ஒரு ஆள் உண்டென்றால் அது அவர்தான். அதைக் கோள் இல்லை என்று ஒதுக்கிய வருடத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார். புளூட்டோ தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது, இவருக்குத்தான் ரத்தக்கொதிப்பு.

மன்றத்தின் பெரிய தொலைநோக்கி தலைவர் பஞ்சாபகேசன் வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறது. உறுப்பினரானால் மாடிச் சாவி ஒன்று கைக்கு வரும், வேண்டியபோது போய்ப் பார்க்கலாம். மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் தமிழ்மாறன், தெப்பக்குளக் கரையில் பொதுமக்களுக்காக நடக்கும் வான்பார்வைக்கு ஒன்றரை வருடமாகத் தவறாமல் வந்தார். வியாழனின் நிலவுகளை நோட்டில் படம் போட்டு வைத்தார். சாமான்களை ஏற்றி இறக்கினார். எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. போன மாதம் உறுப்பினராகச் சேர விண்ணப்பம் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது தலைவலி.

"இத்தனை நாளா நமக்கு ரூல்ஸே இல்லையேடா விஸ்வம். ஒண்ணு எழுதிடு" என்றார் பஞ்சாபகேசன்.

"இப்போ என்ன திடீர்னு?"

"மாடிப்படி பூஜை ரூமை ஒட்டித்தானே போறது? உனக்குத் தெரியாதா என்ன?"

விஸ்வநாத்துக்குத் தெரியும். தமிழ்மாறனின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள் என்பதும், ஊரில் அவர் வீடு எந்தத் தெருவில் என்பதும் மன்றத்தில் எல்லோருக்குமே தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை. சொல்லாமல் எழுதும் வேலை செயலாளர் தலையில் விழுந்தது. அவரும் நயமாகவே எழுதினார். ஒன்று, மதுரை மாவட்டத்தில் வசிக்க வேண்டும். இரண்டு, ஆறு வான்பார்வைக்காவது வந்திருக்க வேண்டும். மூன்று, இப்போதுள்ள உறுப்பினர்களின் குடும்பத்தார் அனைவரும் மனமொத்துச் சம்மதிக்க வேண்டும். கூட்டத்துக்கு ஏழு பேர் வரவில்லை. வந்த நாலு பேரும் கை தூக்கினார்கள். விஸ்வநாத்தும் தூக்கினார்.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் தமிழ்மாறன் பைக்கோடு நின்றிருந்தார்.

"வாங்க சார். புள்ளைக காலைலருந்து உங்களத்தான் கேக்குதுக."

டீ வாங்கிக் கொடுத்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். விண்ணப்பம் என்னவாயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது விஸ்வநாத்துக்கு. பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டார்.

பள்ளியில் பேச்சு வழக்கம்போலத் தொடங்கியது. கோள் என்றால் என்ன என்று வெகுகாலம் யாரும் வரையறுத்து எழுதி வைக்கவில்லை, தேவைப்படவில்லை என்றார். இரண்டாயிரத்து ஐந்தில் புளூட்டோவுக்கு அப்பால் எரிஸ் என்று ஒன்று கண்ணில் பட்டது, புளூட்டோவை விடப் பெரிது என்று அப்போது கணக்கிட்டார்கள் என்றார். அதையும் சேர்ப்பதா, சேர்த்தால் இன்னும் எத்தனை வந்து நிற்கும் என்று கவலை வந்துவிட்டது. மறுவருடம் ப்ராக் நகரத்தில் கூடி மூன்று நிபந்தனை போட்டார்கள். சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும். இரண்டிலும் புளூட்டோ தேறியது. தன் பாதையில் தானே பெரிய ஆளாக இருந்து மற்றவற்றை ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது மூன்றாவது. அதில் விழுந்து குறுங்கோள் ஆனது. கடைசி நாள் ஓட்டெடுப்பு. நிறையப் பேர் ஊருக்குக் கிளம்பியாகிவிட்டது. ஓட்டுப் போட்டவர்கள் நானூற்றுச் சொச்சம் பேர்தான்.

பவதாரிணி என்ற பெண் எழுந்தாள்.

"சார், அந்த மூணாவது ரூலு எரிஸ் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்ப புதுசா ஆள் வரவும்தான் ரூல் போட்டாங்களா?"

மற்ற நாளாக இருந்தால் இந்த இடத்தில் மேஜையைத் தட்டி, "அப்படிக் கேளு!" என்பார். இன்றைக்குக் கை எழவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.

பின்னாலிருந்து தமிழ்மாறன் சிரித்தார். "சார் புளூட்டோ கட்சி. நான் எதிர்க்கட்சி. மூணாவது ரூல எட்டுக் கோளுக்கும்தான் வச்சுப் பாத்தாக. எட்டும் தேறுச்சு. புளூட்டோ பாதையில எம்புட்டுக் கெடக்குன்னு பாத்துட்டு, இதான் காரணம்னு எல்லாரு முன்னாடியும் சொன்னாக. பிடிக்கலன்னா இன்னைக்கும் எதுத்து வாதாடலாம். சாரே இம்புட்டு வருசமா வாதாடுறாருல்ல?"

வகுப்பு சிரித்தது. விஸ்வநாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சை எப்படி முடித்தார் என்று அவருக்கே நினைவில்லை.

ஆய்வகத்தில் இருவரும் தனியாக இருந்தபோது கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது நிபந்தனைப்படி விண்ணப்பத்தை ஏற்க முடியவில்லை என்று முடிந்த அதைத் தமிழ்மாறன் நின்றபடியே படித்தார்.

"மாவட்டம் சரி. வான்பார்வைக்கு முப்பத்தொரு தடவ வந்துருக்கேன்."

"தெரியும்."

"மூணாவது… யாரு வீட்டுல சம்மதிக்கல?"

திட்டப்படி இந்நேரம் பஸ்ஸில் இருக்க வேண்டும். விஸ்வநாத் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"வீடுகள்ல கேக்கவே இல்ல, தமிழ்மாறன். நாங்க நாலு பேர் கை தூக்கினோம்."

"நீங்களுமா?"

"நானும்தான். அதை எழுதினதே நான்தான்."

தமிழ்மாறன் கத்துவார் என்று எதிர்பார்த்தார். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடிதத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"புளூட்டோவுக்காக ஊர் ஊராப் போயிப் பேசுனீங்களே சார்."

விஸ்வநாத்துக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. அந்த ஒரு நிமிடத்தில் தன்னை அவர் வெறுத்தார்.

தமிழ்மாறன் சட்டைப் பையிலிருந்து விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினார். "கீழ காரணத்த எழுதிக் குடுங்க."

"என்ன காரணம்?"

"நீங்க கை தூக்குன காரணம். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பேப்பர்லதான் இல்ல."

பஞ்சாபகேசனோடு முப்பது வருடப் பழக்கம். அதை நினைத்துக்கொண்டே பேனாவை வாங்கி, வாங்கிய பிறகும் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: 'தலைவர் வீட்டு மாடிப்படி பூஜை அறையை ஒட்டிச் செல்கிறது. தமிழ்மாறனின் சாதியை முன்னிட்டு அவருக்குச் சாவி தர மறுக்கிறோம்.' கையெழுத்துப் போட்டு, செயலாளர் என்றும் எழுதினார். மன்றத்துக்காக அவர் எழுதியதிலேயே குட்டிக்கரணம் அடிக்காத வரிகள் அவைதான்.

தமிழ்மாறன் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"பதினோரு பேரும் இருக்கையில இத நீங்களே வாசிங்க. அதுக்கப்புறம் யாரு யாரு கை தூக்குறாகன்னு நான் பாக்கணும். ஞாயித்துக்கெழம வாரேன்."

"தெப்பக்குளத்துக்கா?"

"மாடிக்கு சார். படியேறித்தான் வாரேன்."

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார் விஸ்வநாத். பிறகு பஞ்சாபகேசனுக்குப் போன் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம். பதினோரு பேரும் வரணும்."

"எதுக்குடா?"

"மூணாவது நிபந்தனையைப் பத்தி."

"அதான் முடிஞ்சுபோச்சே!"

"முடியலை. நான் ஒண்ணு வாசிக்கணும். தமிழ்மாறனும் வரார்."

பஞ்சாபகேசன் குரலைத் தாழ்த்தினார். "கீழே வாசல்லயே வெச்சுண்டுடலாமே?"

"இல்லை. மாடியில."

பஞ்சாபகேசன் வைத்துவிட்டார். மூன்றாவது பஸ்ஸும் புறப்பட்டது. விஸ்வநாத் அடுத்த எண்ணைத் தேடினார். இன்னும் ஒன்பது பேர் பாக்கி.